காசிநாதன் அனுப்பாத மெயில்

காசிநாதனுக்கு இரண்டு வேன், ஒரு கார், மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், ஒரே மகள், ஒரு மின்னஞ்சல் முகவரி. இவற்றில் எதில் பெருமை அதிகம் என்று கேட்டால், மகள் பக்கத்தில் இருக்கும்போது மகள் என்பார். அவள் வேலைக்குப் போய்விட்டால் மின்னஞ்சல்தான்.

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் 'காசிநாதன் டிராவல்ஸ்' என்று வலைத்தளம் போட்டுக் கொடுத்தபோது கூடவே வந்தது அந்த முகவரி. அவர் பெயரேதான் முகவரி. அதை இரண்டு வேனின் முதுகிலும் எழுதினார், விசிட்டிங் கார்டில் அச்சடித்தார், தங்கை பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று அங்கேயும் போடவைத்தார். மாமல்லபுரம் போக வேன் வேண்டும் என்று இதுவரை ஒருவரும் மெயில் அனுப்பியதில்லை, எல்லோரும் போனில்தான் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, காபியும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேன் கேட்டு ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்ற வேலை.

அப்படிப்பட்டவர் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் பெட்டியைத் திறந்து பேய் முழி முழித்தார். மெயில் மேல் மெயில். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னும் நாலு முளைத்தது. ஊரே கிளம்பிக் கடற்கரைக்குப் போகப் போகிறது, இரண்டு வேன் போதாது, மூன்றாவதுக்கு லோன் போட வேண்டியதுதான் என்று அந்த ஒரு நிமிஷத்தில் மனசு எங்கெங்கோ போய்விட்டது. அப்புறம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார். நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் கொண்டுசேர்க்க முடியவில்லை. நீங்கள் சொன்ன முகவரியில் அப்படி ஒரு ஆள் இல்லை. அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. உங்கள் கடிதத்தை ஏற்க மாட்டோம். எல்லாம் இங்கிலீஷில், எல்லாம் அவர் பெயருக்கு. அவரோ முந்தின நாள் ஒரு வரிகூட யாருக்கும் எழுதவில்லை.

நடுநடுவே மனிதர்கள் எழுதியது போலவும் சில இருந்தன. விடுப்பில் இருக்கிறேன், திங்கட்கிழமை வருவேன் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர். பிரசவ விடுப்பில் இருக்கிறேன், அவசரமென்றால் அலுவலகத்தைக் கேட்கவும் என்று ஒரு பெண். முகம் தெரியாத பெண், வாயும் வயிறுமாக இருப்பவள், மெனக்கெட்டுப் பதில் போட்டிருக்கிறாளே என்று காசிநாதனுக்கு மனசு இளகிவிட்டது. சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும் என்று தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். வெள்ளைக்காரருக்கு, லீவை நன்றாக அனுபவியுங்கள், மாமல்லபுரம் வந்தால் நம்மிடம் வேன் இருக்கிறது என்று எழுதினார். உடனே இரண்டு பேரிடமிருந்தும் பதில் வந்தது. அதே வரிகள்தான். காசிநாதன் சளைக்கவில்லை. பிரசவத்துக்கு இரண்டாவது முறை வாழ்த்துச் சொல்ல உட்கார்ந்தபோது மகள் துர்காதேவி பார்த்துவிட்டாள்.

துர்காவுக்குச் செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தலையைப் பின்னிக்கொண்டே வந்தவள், திரும்பி வந்த கடிதங்களில் ஒன்றைத் திறந்து, அதன் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அசல் கடிதத்தைப் படித்தாள். முகம் சிவந்தது. பட்டென்று மூடிவிட்டாள்.

“இன்னா போட்டுகீது?” என்றார் காசிநாதன்.

“ஏதோ மருந்து வெளம்பரம் நைனா.”

தான் எப்போது மருந்து விற்றோம் என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“நீ விக்கல. எவனோ விக்கிறான், உன் பேர்ல. கவர் பின்னால அனுப்புநர்னு யார் பேர வேணா எழுதலாம் இல்ல? அந்த வூட்ல ஆளு இல்லன்னா தபால்காரரு எங்க கொண்டாந்து போடுவாரு? எழுதுனவனையா தேடிகினு போவாரு? பேரு கீற வூட்லதான் போடுவாரு.”

எதையும் திறக்கக் கூடாது, யாருக்கும் பதில் போடக் கூடாது, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிட வேண்டும் என்று சொல்லி, எந்தப் பொத்தான் என்றும் காட்டிக் கொடுத்தாள். வாசலுக்கு வந்தவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போல அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பிரசவக்காரிக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்றே தெரியவில்லை. ஆனாலும் மகள் சொல் தட்ட மாட்டார். இரண்டொரு நாளில் கை தேர்ந்துவிட்டது. காலையில் திறப்பார், எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடிப்பார், தொலைந்தது சனியன் என்று ஒரு தட்டு. பெட்டி பளிச்சென்று ஆகிவிடும். காபி குடிக்கும் சுகம் கூடிவிட்டது என்று மனைவி முனியம்மாவிடம் பீற்றிக்கொண்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் வீட்டில் ஒரு நல்ல காரியம் நெருங்கிக்கொண்டிருந்தது. துர்காவுக்கு அணுபுரத்தில் வரன் கூடியிருந்தது. மாப்பிள்ளை தமிழ்வாணன் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன், அதன் ஊழியர் குடியிருப்பில் வீடு. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும், அப்புறம் ஆவணிதான். துர்கா அலட்டிக்கொள்ளாதவள் போல நடமாடினாலும், ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போவது காசிநாதனுக்குப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பாலசுப்ரமணியன் ஒரு தினுசான மனிதர். அரசு அலுவலகத்தில் கடிதப் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, அப்பாவும் பிள்ளையும்தான். பெண் பார்க்க வந்த அன்றே, எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும், வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. எத்தனை பேர் வருகிறோம், எத்தனை தட்டு, யார் யாருக்குச் சர்க்கரை போடாத காபி என்று ஒவ்வொன்றுக்கும் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று இலக்கணம் தப்பாமல் மெயில் அனுப்பினார். முனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காசிநாதனுக்கோ தலைகால் புரியவில்லை. அவருக்கு மெயில் எழுத உலகத்தில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

அந்த வாரம் தரகர் சரோஜா வெயிலில் வந்து உட்கார்ந்து, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு குண்டைப் போட்டாள். அணுபுரத்தார் நிச்சயத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள்.

முனியம்மா கையில் இருந்த முறம் அப்படியே நின்றது. காரணம் கேட்டதற்குச் சரோஜா கையை விரித்தாள். “எனக்கு இன்னா தெரியும் அண்ணாத்த? உனக்கே தெரியும்னு சொல்றாரு. அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்றாரு.”

அன்றைக்கு மொட்டை மாடியில் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் துர்கா கீழே இறங்கி வந்தாள். தமிழ்வாணனுக்கும் சரியாக ஒன்றும் தெரியவில்லையாம். மாப்பிள்ளையைப் பற்றிக் காசிநாதன் ஏதோ கேட்டுவிட்டாராம். அதில் அவன் அப்பா மனசு உடைந்து, சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாம். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் ஆடியது. “இன்னா நைனா கேட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

காசிநாதன் கேட்டுத்தான் இருந்தார். பெண் கொடுப்பதற்கு முன்னால் பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் காதும் காதும் வைத்தாற்போல் செய்ய வேண்டும். அவர் ஒரு நாள் அணுபுரம் பக்கம் சவாரி போனபோது, குடியிருப்பு வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், அந்தத் தம்பி தண்ணி கிண்ணி போடுமா என்று கேட்டுவிட்டார். சட்டை இஸ்திரிக்குப் போகிற இடத்தில் தெரியாதது இல்லை என்பது அவர் கணக்கு. அந்த மனிதர், தம்பி தங்கம், சட்டைப்பையில் சில்லறை இருந்தால் மட்டும் மறந்துவிடும் என்றார். காசிநாதன் மகிழ்ச்சியோடு திரும்பி வந்தார். இஸ்திரிக்காரர் அதை அங்கே போய் ஓதியிருக்கிறார் போலிருக்கிறது.

விஷயத்தைக் கேட்ட முனியம்மா அவரைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். இவ்வளவு பெரிய ஊரில் விசாரிக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றாள். போன் போட்டால் பாலசுப்ரமணியன் எடுக்கவில்லை. நேரில் போய்விடலாம் என்று காசிநாதன் சட்டையைத் தேடினார். முனியம்மா விடவில்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு பெண் வீட்டார் போய் வாசலில் நின்றால் எளக்காரமாகப் போய்விடும் என்றாள்.

எழுத்து மனிதருக்கு எழுத்துதான் சரி என்று காசிநாதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பொருள், பார்வை எல்லாம் போட்டார். தங்கள் மகனைப் பற்றி நான் அப்படிக் கேட்டது தவறுதான், பெண்ணைப் பெற்றவன் பயத்தில் கேட்டுவிட்டேன், பெரிய மனது வைத்து மன்னிக்க வேண்டும் என்று எழுதினார். படித்துப் பார்த்தார். அவருக்கே கண் கலங்கியது. அனுப்பினார்.

மறுநாள் காலையில் திறந்தார், வழக்கம்போல் ஒரே பிடி, ஒரே தட்டு. பளிச்சென்று ஆன பெட்டியைப் பார்த்துக்கொண்டு சம்பந்தியின் பதிலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. குப்பைதான் வந்துகொண்டிருந்தது. அதைத் தவறாமல் கூட்டித் தள்ளினார். ஏரிக்கரையில் நடக்கப் போனவர் பாதியில் திரும்பி வந்து மறுபடி பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்துக்கொண்டு, அந்த மனிதருக்கு இவ்வளவு வீம்பா என்று அவருக்கும் உள்ளுக்குள் கசக்க ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு பங்காளியின் போன். பெரியவர், பேரன் எடுத்தவர். கடைசி மகனுக்கு அவரும் சரோஜாவிடம்தான் வரன் சொல்லி வைத்திருந்தார். ஊர் நிலவரம், மழை நிலவரம் எல்லாம் விசாரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

“காசி, நீ ஒரு மாத்திர போட்டிருந்தியே மெயில்ல. அது பார்சல்ல வருமா, இல்ல நாமளே வந்து வாங்கிக்கணுமா?”

எந்த மாத்திரை என்று காசிநாதன் கேட்டார். பெரியவர் இருமினார், செருமினார், பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்றார். கடைசியில், ஆம்பளைங்களுக்குத் தெம்பு தர்ற மாத்திரைதான், வயசு வித்தியாசமில்லாம சாப்பிடலாம்னு நீதானே எழுதியிருந்தே என்று சொல்லி, இது நமக்குள் இருக்கட்டும் என்று போனை வைத்துவிட்டார்.

காசிநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துர்காவைக் கூப்பிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆமாம் நைனா, அந்த மாதிரி மருந்துதான், உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் சொல்லவில்லை என்றாள். சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் பங்காளிக்கு இந்த மெயில் எப்படிப் போனது? துர்கா யோசித்தாள். சரோஜா போன மாதம் ஒரே மெயிலில் எல்லா ஜாதகங்களையும் கோத்து, பெண் வீடு பிள்ளை வீடு அத்தனை பேர் முகவரியையும் வரிசையாகப் போட்டு அனுப்பியிருந்தாள். தனித்தனியாக அனுப்ப அவளுக்குச் சோம்பல். அத்தனை பேரில் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் வைரஸ் நோய் புகுந்து அந்த வரிசை வெளியே போயிருக்க வேண்டும்.

“அப்புடின்னா அணுபுரத்துக்கும் போயிருக்குமா?” என்று முனியம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

துர்கா ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அழித்த குப்பையெல்லாம் ஒரு மூலையில் கொஞ்ச நாளைக்குக் கிடக்குமாம். அதைக் கிளறி, மாமனாரின் பெயரைப் போட்டுத் தேடினாள். இரண்டு சிக்கின.

ஒன்று பாலசுப்ரமணியன் எழுதியது. துர்கா சத்தமாகப் படித்தாள். பொருள்: தங்கள் மின்னஞ்சல் குறித்து விளக்கம் அளித்தல். பார்வை: தங்கள் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல். 'ஐயா, என் மகனின் உடல்நிலை குறித்துத் தங்களுக்கு ஐயம் இருந்தால் நேரடியாகக் கேட்டிருக்கலாம். மருந்து விளம்பரத்தை அனுப்பி ஜாடையாகக் கேட்டது எனக்கு வருத்தம் அளிக்கிறது. எனினும் எழுத்தில் வந்த கேள்விக்கு எழுத்தில் பதில் தருவது என் வழக்கம். என் மகனின் இந்த ஆண்டு மருத்துவப் பரிசோதனை அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் பதில் கிடைக்கும் வரை நிச்சயதார்த்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

இரண்டாவது, காசிநாதன் எழுதிய மன்னிப்பு. போகவே இல்லை, திரும்பி வந்திருந்தது. அவர் பெயரில் போன குப்பை அளவுக்கு மீறிவிட்டதால் அணுபுரத்துப் பக்கம் மெயில் வாங்கிச் சேர்க்கிறவர்கள் அவர் பெயரையே வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்று துர்கா விளக்கினாள். அனுப்பாத ஆயிரம் கடிதத்துக்கு நடுவில் அனுப்பிய ஒன்றும் திரும்பி வந்து கிடந்தது. அவரே தன் கையால் அதைத் தட்டி அழித்திருக்கிறார்.

முதலில் சிரித்தது முனியம்மாதான். மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை என்று திருப்பித் திருப்பிச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துர்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இணைப்பைத் திறந்து, பழக்கத்தில் ரத்த அளவுகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. உயரம் என்ற இடத்தில் மட்டும் அவள் விரல் நின்றது. தன்னிடம் தமிழ்வாணன் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்லியிருக்கிறார் என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததைக் காசிநாதன் பார்த்தார். இது கெட்டுப்போனால் தன்னால் தாங்க முடியாது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. எளக்காரமோ கிளக்காரமோ, விடிந்ததும் நேரில் போவது என்று முடிவாயிற்று.

விடிந்தது. கிளம்பும்போதும் பழக்கம் விடவில்லை, பெட்டியைத் திறந்தார். பாலசுப்ரமணியனிடமிருந்து மெயில். ஆகா, மனிதர் மனசு இறங்கிவிட்டார் என்று பதறிக்கொண்டு திறந்தார். உள்ளே மாத்திரை விளம்பரம்.

காசிநாதனுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன கொழுப்பு இருந்தால் எனக்கே அனுப்புவான், என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இவனுக்கு என்று எழுந்தே விட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் புத்தி வந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகும், ஒரு நிமிஷம் கன்னத்தில் அறைந்தது போல இருந்ததே. அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, காபியைக்கூடக் குடிக்காமல் காரை எடுத்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கடல்காற்று வந்தது. என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. குடியிருப்பு வாசலில் இஸ்திரிக்காரர் அடையாளம் கண்டு, சௌக்கியமா என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். காசிநாதன் அந்தப் பக்கமே திரும்பாமல் உள்ளே போனார்.

கதவைத் திறந்த தமிழ்வாணன் பேயைப் பார்த்தது போல் நின்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அப்பா விடிகாலையிலிருந்து கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை, நாஸ்தாகூடத் தொடவில்லை என்றான். ஆறிப்போன இட்லி மேஜையில் கிடந்தது. பாலசுப்ரமணியன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க எதையோ தட்டிக்கொண்டிருந்தார். காசிநாதனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“உட்காருங்கள்,” என்றார். “ஒரு சிக்கலில் இருக்கிறேன். நான் அனுப்பாத கடிதங்கள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.”

காசிநாதன் உட்காரவில்லை. பின்னால் போய் நின்று திரையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்த ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப்பட்டிருந்தது. பொருள், பார்வை எதுவும் விட்டுப்போகவில்லை. கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது ஒரு பெண்ணுக்கு. 'பொருள்: தங்களுக்குச் சுகப்பிரசவம் ஆக வாழ்த்துதல் தொடர்பாக.'

வழியெல்லாம் உருப்போட்ட பேச்சு அத்தனையும் காசிநாதனுக்கு மறந்துபோயிற்று. இந்த மனிதர்மேல் இருந்த கசப்பும் அதோடு போயிற்று. அந்தப் பெண்ணுக்கு நானும் வாழ்த்து எழுதினேன் சம்பந்தி, இரண்டாவது தடவையும் எழுதப் பார்த்தேன், துர்கா திட்டினாள் என்றார். சம்பந்தி என்று தன்னை அறியாமல் வந்துவிட்டது.

பாலசுப்ரமணியன் நிமிர்ந்து பார்த்தார். காசிநாதன் தன் போனை எடுத்து, கிளம்பும் முன் படம் பிடித்து வைத்திருந்த அந்த மெயிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போய்விட்டது. நான் அனுப்பவில்லை என்றார். இன்னொரு முறையும் சொன்னார்.

“எனக்குத் தெரியும் சம்பந்தி. எனக்கு வந்துகினு இருந்த பேஜாருதான் இப்ப உங்களாண்ட வந்துகீது. எல்லாம் தெரிஞ்சும், இதப் பாத்த ஒடனே எனக்குக் கோவம் வந்துச்சு. ஒண்ணுமே தெரியாத உங்களுக்கு எப்புடி இருந்திருக்கும்? அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

தமிழ்வாணன் அந்த மெயிலைப் படித்துவிட்டு, அப்பாவையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தான். “என் மெடிக்கல் ரிப்போர்ட்டு ஃபைல்ல காணோமேன்னு தேடிகினு இருந்தேன்,” என்று மெதுவாகச் சொன்னான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் விளங்கியதும், டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பாலசுப்ரமணியன் மேஜையைத் தடவிக்கொண்டே, அவனுடைய அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை, சோறு பொங்கியதிலிருந்து தலை வாரியது வரைக்கும் நான்தான், வளர்ப்பில் ஏதோ குறை என்று நீங்கள் சொல்வது போல இருந்தது என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. காசிநாதன் அவர் தோளில் கை வைத்தார். தான் எழுதிய மன்னிப்பு அந்த ஊருக்குள் நுழைய முடியாமல் திரும்பி வந்ததைச் சொல்லி, அதில் இருந்ததை நினைவிலிருந்து அப்படியே வாயால் ஒப்பித்தார். பெண்ணைப் பெற்றவன் பயம், பெரிய மனது, எல்லாம்.

“அது சரி, எதற்கு மன்னிப்பு?” என்றார் பாலசுப்ரமணியன். “அந்த மெயிலை நீங்கள்தான் அனுப்பவில்லையே.”

காசிநாதன் திருட்டு முழி முழித்தார். இஸ்திரிக்காரர் பாவம், ஒன்றும் ஓதவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தண்ணி கிண்ணி விசாரித்த கதையைச் சொல்லிவிட்டார். அடுப்படிக்குள்ளிருந்து டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது.

பாலசுப்ரமணியனின் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரிக்கிறார் என்று புரியவே காசிநாதனுக்கு நேரம் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, கடிதப் பிரிவுத் தமிழையெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

“நான் மட்டும் இன்னா யோக்கியமா? வேற பேரு சொல்லி உன் வேனப் புடிச்சேன். மாபலிபுரம் போறதாச் சொல்லி, போற வழியெல்லாம் உன் டிரைவரு ரமேஷைக் கிண்டிக் கெளறிட்டேன்.”

“இன்னா சொன்னான்?”

“ஓனரு தங்கம், பேச ஆரம்பிச்சா மட்டும் வண்டிய ஓரம் கட்டிடணும்னு சொன்னான்.”

டீ வந்தது. ஆறிப்போன இட்லியை இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் காசிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மொத்தமாகப் பிடித்து அழிக்கும் வித்தையைச் சம்பந்திக்குக் கற்றுக் கொடுத்தார். தட்டுவதற்கு முன்னால் நம் ஆட்கள் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிவிட வேண்டும், அதில்தான் நான் கோட்டை விட்டேன் என்றும் சொன்னார். பாலசுப்ரமணியனுக்குப் பிரசவக்காரியின் கடிதத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

விடைபெறும்போது காசிநாதன் வாசல்படியில் தயங்கினார். நிச்சயத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. சம்பந்தியின் வழக்கம் தெரியும். ஆகவே, தேதியை எழுத்தில் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

பாலசுப்ரமணியன் படியிறங்கி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். பேசுன வெள்ளிக்கெழமையே தட்டத் தூக்கினு நானே வர்றேன். துர்கா எங்க வூட்டுப் பொண்ணு. வாயால சொல்றேன், போதுமா?”

ரமேஷ் சொன்ன காசிநாதனின் ஓயாத வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

காரில் ஏறியதும் வீட்டுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே முனியம்மா எடுத்தாள். பின்னால் துர்காவின் மூச்சும் கேட்டது. வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்றார் காசிநாதன். முனியம்மா உடனே நம்பிவிடவில்லை. இந்தக் கொஞ்ச நாளில் அவளும் எவ்வளவோ பார்த்துவிட்டாள்.

“மெயில்ல போட்டுகீறாரா?”

“இல்ல. என் கையப் புடிச்சினு, வாயால சொன்னாரு.”

அந்தப் பக்கம் முறத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்ப நெசந்தான்,” என்றாள் முனியம்மா. சொல்லிவிட்டு, முறுக்குக்கு அரிசி ஊறவைக்க வேண்டும் என்று போனை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.